படிவம் 1 முதல் 3 வரை: அறிவியலிலும் வரலாற்றிலும் பிள்ளைகள் படிப்பது என்ன?

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளையிடம், "தற்சார்பு மாறி என்றால் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வந்துவிடும். பரிசோதனையில் நாமாக மாற்றிப் பார்க்கும் ஒன்று. செடிக்கு ஊற்றும் நீரின் அளவை மாற்றினால் அது தற்சார்பு மாறி. அதனால் மாறுகிற செடியின் உயரம் சார்பு மாறி. ஒரே வகைச் செடி, ஒரே அளவு மண் என்று மாற்றாமல் வைத்திருப்பவை கட்டுப்படுத்தப்பட்ட மாறி. இதைப் படம் வரைந்தே காட்டும் பிள்ளைகள் உண்டு.

அதே பிள்ளை சில வாரங்கள் கழித்து இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் உட்காருகிறது. வெண்பலகையில் ஆசிரியர் எழுதுவது 'பெம்போலே உபா டிமானிபுலாசிக்கான்'. பிள்ளை விழிக்கிறது. அது புதிய பாடம் அல்ல. ஏற்கெனவே படித்த பாடம்தான், வேறு பெயரில் வந்து நிற்கிறது. இதை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால், "எனக்கு அறிவியல் வராது" என்ற முடிவுக்கு அப்பிள்ளை முதல் தவணையிலேயே வந்துவிடும்.

படிவம் 1, 2, 3 ஆகிய மூன்று ஆண்டுகள்தான் கீழ்நிலை இடைநிலைக் கல்வி. 13 வயதில் தொடங்கி 15 வயதில் முடியும் இந்தக் காலத்தில் பிள்ளை எதைப் படிக்கிறது என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. தமிழ்ப்பள்ளிப் பாடநூலைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிக் கொடுத்த அம்மாவுக்கு மலாய்மொழிப் பாடநூல் கை கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்காக, அறிவியல், வரலாறு, புவியியல் ஆகிய பாடங்களில் உள்ளதைத் தமிழில் சொல்லும் முயற்சி இது.

மொழியும் தேர்வும்

இப்போது நடப்பில் இருப்பது கேஎஸ்எஸ்எம் எனப்படும் இடைநிலைப்பள்ளிக்கான தர அடிப்படைப் பாடத்திட்டம். 2017-இல் படிவம் ஒன்றில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு படிவமாக மேலே ஏறியது. 2027-இல் ஆண்டு 1, படிவம் 1 மாணவர்களிலிருந்து புதிய பள்ளிப் பாடத்திட்டம் தொடங்கும் எனக் கல்வி அமைச்சு அறிவித்துள்ளது. ஆகவே இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்த பிள்ளையின் புத்தகம் இளைய பிள்ளைக்குப் பயன்படாமல் போகலாம். ஆனாலும் உயிரணு உயிரணுதான். பங்கோர் ஒப்பந்தம் 1874-தான். அடிப்படைகள் இடம் மாறலாம், காணாமல் போய்விடாது.

அறிவியல் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் மலாய்மொழியில் கற்பிக்கப்படுகிறது. 2003-இல் தொடங்கிய பிபிஎஸ்எம்ஐ திட்டத்தில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடந்தன. பின்னர் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2016 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் டிஎல்பி எனும் இருமொழித் திட்டத்தின் கீழ் ஆங்கிலத்தில் படிக்கும் வகுப்புகள் உள்ளன. வரலாறும் புவியியலும் மலாய்மொழியில்தான். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் படிவம் ஒன்றுக்குமுன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டியிருக்கும். அந்த ஓராண்டை அவமானமாகப் பார்க்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். வகுப்பை ஒழுங்காகப் பயன்படுத்திக்கொண்ட பிள்ளைக்கு அது இழப்பே அல்ல.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. 2014-இல் பிஎம்ஆருக்குப் பதிலாக வந்த பிடி3 தேர்வும் 2022-இல் அகற்றப்பட்டது. இவ்விரண்டும் போன பிறகு படித்த பிள்ளைகளுக்கு எஸ்பிஎம் தேர்வே வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வாக அமைந்தது. பொதுத்தேர்வு இல்லை என்றதும் பாரம் குறைந்தது உண்மை. கூடவே, பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் கண்ணாடியும் போய்விட்டது. அந்த இடத்தில் இருப்பவை இரண்டு: வகுப்பறை மதிப்பீடு, யூஏஎஸ்ஏ எனப்படும் கல்வியாண்டு இறுதித் தேர்வு. அவற்றைப் பற்றிக் கடைசியில்.

அறிவியல்: படிவம் 1

ஆண்டின் முதல் இயல் அறிவியல் ஆய்வு எப்படிச் செய்வது என்பது. ஆய்வகப் பொருள்கள், அபாயக் குறியீடுகள், அளவைகள், பின்னர் மேலே சொன்ன மாறிகள், கருதுகோள், முடிவு. தமிழ்ப்பள்ளியில் 'அறிவியல் செயற்பாங்குத் திறன்' என்று படித்ததன் தொடர்ச்சி இது. சார்பு மாறி இங்கே 'பெம்போலே உபா பெர்கெராக் பாலாஸ்'. கட்டுப்படுத்தப்பட்ட மாறி 'பெம்போலே உபா டிமாலார்க்கான்'. இந்த மூன்று சொற்றொடர்களையும் ஜனவரி மாதமே சுவரில் எழுதி ஒட்டிவிடலாம். படிவம் 5 வரை இவை விடாமல் வரும்.

இன்னொரு சிக்கலான இடம் 'ஜிரிம்', 'ஜிசிம்'. ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஜிரிம் என்பது பருப்பொருள்: இடத்தை அடைத்துக்கொள்வது, பொருண்மை உடையது. ஜிசிம் என்பது அந்தப் பொருண்மையே, கிலோகிராமில் அளப்பது. 'பெராட்' என்பது எடை. அது புவியீர்ப்பு இழுக்கும் விசை, நியூட்டனில் அளப்பது. சந்தையில் மீன் நிறுப்பவர் கிலோவில் சொல்வதை நாம் எடை என்கிறோம்; அறிவியல் வகுப்பில் அது பொருண்மை. நிலவுக்குப் போனால் ஜிசிம் மாறாது, பெராட் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். வீட்டுப் பேச்சில் 'சூடு' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவதும் அங்கே இரண்டாகப் பிரியும்: 'ஹாபா' என்பது வெப்பம், 'சுஹு' என்பது வெப்பநிலை.

அடுத்து வருவது உயிரணு. வெங்காயத் தோலையும் கன்னத்தின் உட்புறச் செல்லையும் நுண்ணோக்கியில் பார்ப்பது இதன் வழக்கமான செய்முறை. தாவர உயிரணுவில் செல்சுவரும் பச்சையமும் உண்டு, விலங்கு உயிரணுவில் இல்லை. ஒளிச்சேர்க்கையும் சுவாசித்தலும் இதனுடன் சேர்ந்து வரும். உடல் தன் வெப்பநிலையையும் நீரளவையும் எப்படிச் சீராக வைத்துக்கொள்கிறது என்பது அதற்கடுத்த பகுதி. வெயிலில் வேர்ப்பதும் குளிரில் நடுங்குவதும் ஏன் என்பதற்கு இங்கே விடை கிடைக்கும்.

இனப்பெருக்க இயல் வரும்போது பல வீடுகளில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மனித இனப்பெருக்க உறுப்புகள், பருவமடைதல், மாதவிடாய் சுழற்சி, கருவுறுதல், கர்ப்பகாலப் பராமரிப்பு எல்லாம் இதில் உள்ளன. 13 வயதுப் பிள்ளை இதைப் பாடநூலில் படிப்பதே நல்லது. கைப்பேசியில் அரையும் குறையுமாகத் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல். பெண்பிள்ளைக்கு அம்மா சொல்லத் தயங்குவதைப் புத்தகம் படத்தோடு சொல்லிவிடுகிறது.

ஆண்டின் பிற்பகுதியில் பருப்பொருளின் நிலைகள், தனிம அட்டவணை, காற்று, ஒளி, பூமி ஆகியவை வரும். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன் என்பது மனப்பாடமாக வேண்டியது. பூமி என்ற இயலில் எரிமலை, நிலநடுக்கம், பாறைகள். 2015 ஜூன் மாதம் சபாவின் ரானாவ் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் நினைவிருப்பவர்கள் வீட்டில் அதைச் சொல்லலாம். நம் நாட்டில் நிலம் அசையாது என்ற எண்ணம் அதோடு போய்விடும்.

அறிவியல்: படிவம் 2, 3

மூன்று ஆண்டுகளில் படிவம் 2-தான் கனமானது. இயல்களின் எண்ணிக்கையும் கூடுதல். உயிரினப் பன்முகத்தன்மை, சூழல் மண்டலம், ஊட்டச்சத்து, மனித உடல்நலம், நீரும் கரைசலும், அமிலமும் காரமும், மின்சாரம், விசை, வெப்பம், ஒலி, பின்னர் விண்மீன்களும் சூரியக் குடும்பமும்.

தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டில் ஒரு சாதகம் உண்டு. பாடத்தில் வருவது பலவும் லயத்தின் பின்புறத்திலேயே இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் ஆந்தைகளுக்குப் பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். பழத்தைக் கடிக்கும் எலிகளை மருந்து வைத்துக் கொல்வதற்குப் பதிலாக ஆந்தைகளை விட்டுப் பிடிப்பது உயிரியல் கட்டுப்பாடு. சூழல் மண்டல இயலில் உணவுச் சங்கிலி, உணவு வலை, இரையும் இரைகொல்லியும் என்று படிப்பது இதுவேதான். மலாயில் 'ரந்தாய் மக்கானான்' சங்கிலி, 'சிராத்தான் மக்கானான்' வலை.

அமிலமும் காரமும் அப்படித்தான். பால் மரம் வெட்டியவர்கள் மங்கில் சேர்ந்த பாலை ஆலையில் உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றினார்கள். உறையாமல் திரவமாகவே அனுப்ப வேண்டியிருந்தால் அமோனியா கலந்தார்கள். முதலாவது அமிலம், இரண்டாவது காரம். லிட்மஸ் தாள், பிஎச் அளவு, நடுநிலையாக்கம் என்று வகுப்பில் வருவதைத் தாத்தா பாட்டி கையால் செய்திருக்கிறார்கள். பெயர்தான் அவர்களுக்குத் தெரியாது.

விசை இயலில் நெம்புகோல் வரும். சுமையும் விசையும் தாங்குபுள்ளியும் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைக் கொண்டு மூன்று வகை. தோட்டத்தில் பழக்குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி இரண்டாம் வகை: சக்கரம் தாங்குபுள்ளி, நடுவில் சுமை, கைப்பிடியில் விசை. கைப்பிடி நீளமாக இருந்தால் தூக்குவது எளிது என்பதை வண்டி தள்ளியவர் கை அறியும். பிள்ளை அதையே 'மோமென்' என்று கணக்காகப் போடும். ஊட்டச்சத்து இயலில் உணவுச் சோதனைகள் உண்டு. சோற்றின்மேல் அயோடின் விட்டால் கருநீலமாகும், அது மாவுச்சத்து. குளுக்கோஸ் கரைசலைப் பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கினால் செங்கல் நிறப் படிவு. உடல்நல இயல் டிங்கி உள்ளிட்ட தொற்றுநோய்களையும் உடலின் தற்காப்பையும் சொல்கிறது. மின்சாரத்தில் ஓமின் விதி, தொடர் சுற்று, இணைச் சுற்று. வீட்டில் ஒரு விளக்கு எரிந்து போனாலும் மற்றவை எரிவது ஏன் என்றால், வீட்டு மின்கம்பி இணைச் சுற்று.

படிவம் 3-இல் நரம்பு மண்டலம், கண், காது, சுவாசம், இரத்த ஓட்டம் என்று உடலுக்குள் போகிறது பாடம். புகைபிடித்தலும் புகைமூட்டமும் நுரையீரலுக்குச் செய்வது சுவாச இயலில் வரும். பிறகு உலோகங்களின் வினைத்திறன், வெப்ப வேதியியல், மின் உற்பத்தி, ஆற்றல், கதிரியக்கம், விண்வெளி.

உலோக இயலில் ஒரு சுவையான இடம். ஈயம் எனத் தோட்ட, லம்பப் பேச்சில் வழங்கும் வெள்ளீயத்தைக் கனிமத்திலிருந்து பிரிக்கக் கரியோடு சேர்த்து உருக்கினால் போதும். வினைத்திறன் வரிசையில் கரி வெள்ளீயத்துக்கு மேலே இருக்கிறது. அலுமினியத்தை அப்படிப் பிரிக்க முடியாது, மின்பகுப்பு தேவை. ஆகவேதான் வெள்ளீயம் பழைய காலத்திலேயே மனிதனுக்குக் கிடைத்தது. இதே ஆண்டில் வரலாற்று வகுப்பில் லாருட் ஈயச் சுரங்கங்களுக்காக நடந்த சண்டையும் பிரிட்டிஷார் பேராவில் நுழைந்ததும் வருகின்றன. இரண்டு பாடங்களையும் இரண்டு வெவ்வேறு ஆசிரியர்கள் நடத்துவதால் ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டென்று பிள்ளைக்குத் தோன்றாமலே போய்விடுகிறது.

மின்கட்டணக் கணக்கும் இந்த ஆண்டில்தான். 75 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 600 வாட்-மணி, அதாவது 0.6 யூனிட். 2,000 வாட் கெத்தல் 15 நிமிடம் கொதித்தால் 0.5 யூனிட். இரவு முழுவதும் ஓடும் விசிறியும் கால் மணி நேரக் கெத்தலும் கிட்டத்தட்ட ஒன்று. டிஎன்பி பில்லை எடுத்து வைத்து இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை அந்த இயலை மறக்காது.

வரலாறு: நம் வீட்டுக்கு எப்போது வருகிறது?

தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4 முதல் 6 வரை வரலாறு தனிப் பாடமாகத் தமிழில் உண்டு; 2014 முதல் அது கட்டாயப் பாடமாக உள்ளது. படிவம் ஒன்றில் 'செஜாரா' என்று வரும்போது அடிப்படை ஓரளவு இருக்கும். ஆனால் பாடத்தின் அளவு பல மடங்கு பெரிதாகிவிடுகிறது.

படிவம் 1 தொடங்குவது வரலாறு என்றால் என்ன என்பதில்தான். முதல்நிலைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று என்ற வேறுபாடு இங்கே வருகிறது. நிகழ்வு நடந்த காலத்திலேயே உருவான கல்வெட்டு, கடிதம், பதிவேடு முதல்நிலை. பின்னர் ஆராய்ந்து எழுதிய நூல் இரண்டாம்நிலை. அந்தக் கணக்கில், தாத்தாவின் பழைய சிவப்பு அடையாள அட்டை, கப்பலில் வந்த காலத்துத் தாள், தோட்டச் சம்பள அட்டை எல்லாம் முதல்நிலைச் சான்றுகளே. பாட்டி சொல்லும் தோட்டத்துக் கதை வாய்மொழி வரலாறு. அதற்கும் பாடத்தில் இடம் உண்டு.

பின்னர் பனியுகம், வரலாற்றுக்கு முந்திய காலம். பேராக் லெங்கோங் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்ட 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையானது. அப்பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுத் தலமானது. அடுத்து நாகரிகங்கள்: மெசபொத்தேமியா, எகிப்து, சிந்துவெளி, மஞ்சள் ஆறு, பிறகு கிரேக்கம், ரோம், இந்தியா, சீனா, முடிவில் இஸ்லாமிய நாகரிகம். மொகஞ்சதாரோவின் நேர்த்தெருக்களும் மூடிய கழிவுநீர்க் கால்வாய்களும், அசோகர் காலமும் குப்தர் காலமும் இந்த ஆண்டில்தான் வரும். நாகரிகம் மலாயில் 'தமாடுன்'. இந்தச் சொல் மூன்று ஆண்டும் கூடவே வரும்.

படிவம் 2 முழுவதும் மலாய் உலகின் அரசுகள். பூனான், சம்பா, அங்கோர், ஸ்ரீவிஜயா, கெடா துவா, மஜாபாஹிட் தொடங்கி மலாக்கா, ஜொகூர்-ரியாவ், பேரா, பகாங், சிலாங்கூர், திரங்கானு, கெடா, கிளந்தான், நெகிரி செம்பிலான், பெர்லிஸ் வரை, கடைசியில் சபா சரவாக். பெயர்களும் பதவிகளும் குவிந்து கிடப்பதால் பிள்ளைகள் சலித்துக்கொள்வது இந்த ஆண்டில்தான் அதிகம்.

ஆனால் 'கெடா துவா' என்று அங்கே படிப்பது தமிழர்கள் வேறு பெயரில் அறிந்த இடம். கடாரம். பட்டினப்பாலையில் வரும் காழகம் இதுவே என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். 1025-இல் இராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின்மீது கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்று 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் பெற்றான். குனோங் ஜெராய் அடிவாரத்தில், மெர்போக் வட்டாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் இன்றும் உள்ளன. புக்கிட் பத்து பஹாட் சண்டி அவற்றுள் பெயர் பெற்றது. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம். அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்த பிள்ளைக்கு அந்த இயலின் பாதிப் பெயர்கள் மனத்தில் நின்றுவிடும்.

மலாக்கா பகுதியில் நான்கு ஷாபண்டார்கள் வருவார்கள். துறைமுகத்துக்கு வரும் வணிகர்களை அவரவர் நாட்டு வாரியாகக் கவனித்த அதிகாரிகள். குஜராத் வணிகருக்கு ஒருவர்; தென்னிந்தியா, வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்கு ஒருவர்; ஜாவா, மலுக்கு முதலிய தீவுகளுக்கு ஒருவர்; சீனா, சம்பா, ரியூக்யூ பக்கத்துக்கு ஒருவர். தமிழ் வணிகர் இரண்டாமவரின் பொறுப்பில் வருவார்கள். தோட்டத்துக்கு ஆள் எடுத்த காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழன் இங்கே வணிகனாக வந்திருக்கிறான் என்பதற்குப் பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் சான்று இது.

படிவம் 3-இல் மேற்கத்தியர் வருகிறார்கள். 1511-இல் மலாக்காவைப் போர்த்துகீசியர் பிடித்தது முதல், 1826-இல் நீரிணைக் குடியேற்ற மாநிலங்கள், 1874-இல் பங்கோர் ஒப்பந்தம், 1896-இல் ஐக்கிய மலாய் மாநிலங்கள், சேராத மலாய் மாநிலங்கள், சபாவிலும் சரவாக்கிலும் மேற்கத்திய நிருவாகம். பிறகு அதற்கெதிரான எழுச்சிகள்: 1875-இல் பாசிர் சாலாக்கில் பிர்ச் கொல்லப்பட்டது, பகாங்கில் மாட் கிலாவ், கிளந்தானில் தோக் ஜங்குட், சபாவில் மாட் சாலே, சரவாக்கில் ரெந்தாப்.

நடுவில் ஓர் இயல் மேற்கத்திய நிருவாகம் பொருளாதாரத்திலும் சமுதாயத்திலும் ஏற்படுத்திய விளைவுகளைப் பேசுகிறது. ரப்பர், ஈயம், ரயில் பாதை, குடியேறிய தொழிலாளர்கள், பல்வகைப் பள்ளிகள். தமிழ் மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இயல் இது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலக் கங்சாரில் ஹியூ லோவால் நடப்பட்டன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இருந்த ரிட்லி வகுத்துக் காட்டினார். கார் வந்தது, டயர் வந்தது, காடு தோட்டமானது. ஆள் தேவைப்பட்டது. முதலில் ஒப்பந்த முறை. 1910-இல் அது முடிவுக்கு வந்தது. அதன் பக்கத்திலேயே வளர்ந்த கங்காணி முறையில், தோட்டத்தில் வேலை செய்தவரே ஊருக்குத் திரும்பிப் போய் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். 1938-இல் இந்திய அரசு அதைத் தடுத்து நிறுத்தியது. 1885-இல் தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இணைத்து ஓடிய முதல் ரயில் பாதையும் இதே கதையின் பகுதி.

தமிழ்ப்பள்ளிகளின் தொடக்கமும் இங்கேதான் பொருந்துகிறது. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க நிருவாகத்தைக் கட்டாயப்படுத்தியது. லயத்தின் ஓரத்திலும் கோயில் மண்டபத்திலும் தொடங்கிய பள்ளிகள் அவை. பாடநூலில் இவ்வளவும் சில பக்கங்களில் முடிந்துவிடும். மூன்று தலைமுறைக் கதை சில பத்திகளில் அடங்காது என்று வருத்தப்படுவோர் உண்டு, அது நியாயமான வருத்தமே. இருப்பினும் பாடநூல் திறந்துவிட்ட கதவு வழியாக வீட்டுப் பெரியவர்கள் உள்ளே வரலாம். பெரட்டு, நிரை, கங்காணி என்ற சொற்களை இன்றைய பிள்ளை யாரிடம் கேட்கும்?

புவியியலும் தனிப் பாடமாக மூன்று ஆண்டும் உண்டு. திசை, அட்சரேகை, தீர்க்கரேகை, கையால் வரையும் வரைபடம் என்று தொடங்கி, நிலத்தோற்றப் படம் வாசிப்பது, வானிலை, மக்கள்தொகை, போக்குவரத்து, இயற்கை வளம், பொருளாதார நடவடிக்கைகள், சுற்றுச்சூழல் என விரியும். பருவக்காற்றுப் பாடம் நம்மவருக்குக் கடினமில்லை: நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் வெள்ளத்தைக் கொண்டுவரும். வரைபடத்தில் அளவுகோல் 1:50,000 என்றிருந்தால் படத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். இந்த ஒரு கணக்குப் புரிந்தால் பாதி வரைபடக் கேள்விகள் வசமாகும்.

ஏன் இப்போதே கவனிக்க வேண்டும்?

2013 முதல் எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும். மற்ற பாடங்களில் எத்தனை ஏ இருந்தாலும் வரலாற்றில் தோற்றால் சான்றிதழ் இல்லை. படிவம் 4, 5 வரலாறு தேசிய உணர்வின் எழுச்சி, சுதந்திரம், அரசியலமைப்பு, மலேசியா உருவாக்கம் என்று போகிறது. யாருக்கு எதிராக அந்த எழுச்சி, எந்த நிருவாக முறையை அது மாற்றியது என்பதெல்லாம் படிவம் 3-இல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்த பிள்ளை படிவம் 4-இல் மனப்பாடம் மட்டுமே செய்யும்.

அறிவியலில் ஆபத்து வேறு மாதிரி. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைப் படிவம் 4-இல் எடுக்கலாமா என்பது பெரும்பாலும் படிவம் 3 முடிவில் பள்ளி பார்க்கும் அடைவைப் பொறுத்தது. மருத்துவம், மருந்தியல், பொறியியல், தாதிமைக் கல்வி என்று 18 வயதில் பேசத் தொடங்கும் கனவுக்கு 15 வயதிலேயே வாசல் திறந்தோ மூடியோ விடுகிறது. வாசல் மூடியதே தெரியாமல் இருக்கும் வீடுகள்தான் கவலைக்குரியவை.

வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளைக்குக் கிடைப்பது மதிப்பெண் அல்ல, அடைவுநிலை. மலாயில் 'தாஹாப் பெங்குவாசாஆன்', சுருக்கமாகத் திபி. 1 முதல் 6 வரை. திபி 1 என்றால் தெரிகிறது என்ற அளவு; திபி 3 என்றால் கற்றதைச் செய்து காட்ட முடிகிறது; திபி 6 என்றால் புதிய சூழலிலும் பயன்படுத்தி மற்றவருக்கு முன்மாதிரியாக இருக்கிறது. "என் பிள்ளை பாஸா?" என்ற பழைய கேள்விக்கு இந்த முறையில் நேரடி விடை இல்லை. பள்ளிக்குப் போகும் பெற்றோர், "எந்த இயலில் திபி 3-க்குக் கீழே இருக்கிறது?" என்று கேட்டால் ஆசிரியரால் குறிப்பாகச் சொல்ல முடியும்.

கேள்வியில் வரும் ஏவல் சொற்களும் பல மதிப்பெண்களைத் தின்றுவிடுகின்றன. 'ஞாதாக்கான்' என்றால் குறிப்பிடுக. ஒரு வரி போதும். 'ஜெலாஸ்கான்' என்றால் விளக்குக, காரணமும் வேண்டும். 'ஹுராய்க்கான்' என்றால் விரித்து எழுது. 'பண்டிங்கான்' என்றால் ஒப்பிடுக. இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். ஞாதாக்கான் கேள்விக்குப் பத்து வரி எழுதி நேரத்தைத் தொலைக்கும் பிள்ளைகளும், ஹுராய்க்கானுக்கு ஒரு வரி எழுதி மதிப்பெண்ணைத் தொலைக்கும் பிள்ளைகளும் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

பாடநூல்கள் இரவல் திட்டத்தின்கீழ் பள்ளியிலேயே கிடைக்கும். ஆண்டு முடிவில் திருப்பித் தர வேண்டும். அதனால் புத்தகத்தில் பென்சிலால்கூடக் குறிக்கத் தயங்குவார்கள். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் மின்னியல் பாடநூல்கள் உள்ளன. பிள்ளைக்குப் பள்ளி தந்த மின்னஞ்சல் கணக்கும் கடவுச்சொல்லும் இருந்தால் கைப்பேசியில் திறக்கலாம். கடவுச்சொல் மறந்துபோயிருந்தால் வகுப்பாசிரியரிடம் கேட்டால் மாற்றித் தருவார். ஓர் இயலின் பின்பக்கத்தில் உள்ள சொற்களை எடுத்து, பக்கத்தில் தமிழ்ப்பள்ளியில் படித்த சொல்லை எழுதிக்கொண்டே போக ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். படிவம் 1 அறிவியலின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியவை மேலே சொன்ன மூன்று மாறிகளும், ஜிரிமும், ஜிசிமும்.